நாலு ஸ்கொயர் எர்த் வயர்

எர்த் வயர் மெல்லிசாக இருந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்தமானில் பெரார்கஞ்ச் பக்கம் புது வீட்டுக்குக் கரண்ட் வேண்டுமென்றால், ஒயரிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். மோட்டாருக்குப் போகும் லைன் வயர் என்ன தடிமனோ, எர்த் வயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும். "எர்த்துல என்ன கரண்டா ஓடுது?" என்று கேட்டவர்களிடம், "ஓடுற அன்னிக்கு நீ இருக்க மாட்டே" என்று மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்லியிருக்கிறேன். யோகராஜ் ஒரு சிடுமூஞ்சி என்று ஊரே திட்டும். எனக்கு அதில் திமிர் வேறு.

அந்த யோகராஜ்தான் சொந்தத் தங்கை வீட்டில் கோட்டை விட்டான்.

ராஜகுமாரி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. புயலில் சென்னையிலிருந்து கப்பல் கிளம்பவில்லை. போர்ட் பிளேர் முழுக்க அலைந்தும் நாலு ஸ்கொயர் தடிமனில் எர்த்துக்கான பச்சை வயர் கிடைக்கவில்லை. கையிலிருந்த ஒரு ஸ்கொயர் மெல்லிசு வயரை இழுத்து மோட்டாருக்கு எர்த் கொடுத்தேன்.

"ஜஹாஜ் வந்ததும் மாத்திடுறேன் மாப்பிள்ளை" என்றேன்.

"அரே, சலேகா மச்சான், பரவாயில்ல! நீங்க போட்டா எனக்கென்ன பயம்?" என்று வெள்ளைச்சாமி சிரித்தார். ஃபாரத்தில் 'நாலு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கப்பல் வந்தது. வயரும் வந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் போட்டேன். தங்கை வீட்டுக்கு ஞாயிறுதோறும் போய் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திரும்பி வந்தேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

போன மாதம் மோட்டாருக்குள் காயில் கெட்டு, மேல்கூட்டுக்குக் கரண்ட் வந்திருக்கிறது. அத்தனை கரண்டையும் அந்த மெல்லிசு வயர் தாங்கவில்லை. மெயின் சுவிட்ச் விழுவதற்கு முன்பே அது கருகி அறுந்துவிட்டது. தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று பார்க்கப் போன வெள்ளைச்சாமி, மோட்டார் மேல் கை வைத்தார். முப்பத்தாறு வயது.

கருகிய வயரை நானே உருவி, யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டேன். நான் அப்படிப்பட்டவன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின், ராஜகுமாரி சுவரோரம் உட்கார்ந்து சொன்னாள். "நான்தான் அண்ணே அவரைக் கொன்னேன். டீ குடிச்சிட்டுப் போறேன்னாரு. தொட்டில தண்ணியில்ல, முதல்ல போய்ப் பாருங்கன்னு விரட்டுனேன்."

அவள் மாமியார் தங்கம்மா அவளிடம் பேசியே பதினாறு நாளாகிறது. அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்குவதில்லை. இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. தங்கச்சியும் எனக்கு மிஞ்சுவாள். ஆனால் அவள் ஆயுசுக்கும் கொலைகாரியாகவே கிடப்பாள்.

பையிலிருந்த வயரை இருவர் முன்னாலும் வைத்தேன். கப்பல், ஃபாரம், கையெழுத்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். "நீ கொல்லல ராஜி. நான்தான்" என்றேன்.

"அடப்பாவி, உன்னை நம்பித்தானேடா இருந்தான்!" என்று தங்கம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ராஜகுமாரி அழவில்லை. மருமகளைக் கட்டிக்கொள்ள வந்த கிழவியின் கையைக்கூட விலக்கிவிட்டு எழுந்தாள்.

"சரியான வயர் வச்சிருக்கியா?"

"ஸ்கூட்டர்ல இருக்கு."

"போடு. புள்ளைங்க புழங்குற இடம்."

காயில் கட்டிக் கொண்டுவந்த மோட்டார் கிணற்றடியில் இணைப்பில்லாமல் கிடந்தது. அதற்கு லைன் கொடுத்து, மிச்சமிருந்த பழைய எர்த்தை முழுக்க உருவிவிட்டு நாலு ஸ்கொயர் இழுத்தேன். தண்ணீர்க் குழாயையும் எர்த்தோடு சேர்த்து இறுக்கினேன். கண்ணீரில் ஸ்குரூ தெரியவில்லை. அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் டெஸ்டரை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவள் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து, ஓடுகிற மோட்டார் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள்.

"அய்யோ ராஜி, விடு!" என்று அலறினேன்.

ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. கையை எடுக்காமலே அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வேலைக்கு அரை மணி நேரந்தானே அண்ணே ஆச்சு?"