செவ்வாய்க்கிழமைப் பெண்கள் நேரம்

ஐன் ருமானா ஊரின் நகராட்சி நீச்சல் குளத்தில் செவ்வாய்க்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு பெண்கள் நேரம் தொடங்கும். ஜஹீதா அதற்குத் திங்கட்கிழமையே பையைக் கட்டி வாசலில் வைத்துவிடுவாள். துண்டு, சீப்பு, பிளாஸ்க், ஒரு குடும்பத்துக்கே காணும் அளவுக்கு ரவை ரொட்டி. ஒண்டிக்கட்டைக்கு இத்தனை ரொட்டி எதற்கு என்று கேட்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. தபால் ஆபீசில் வேலை பார்த்த கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. மகன் பிரான்சில், லியோனில். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்து, "ம்மா, கூஸ்கூஸ் சாப்டியா?" என்பான். "சாப்ட்டேன்" என்பாள். சுத்தப் பொய். கூஸ்கூஸ் ஒரு ஆளுக்கென்று அவிக்கிற பண்டமா? சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட ஆள் வேண்டாமா? வெள்ளிக்கிழமைகளில் அவள் இரண்டு முட்டையைப் பொரித்து, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தின்றாள்.

செவ்வாய்க்கிழமை அப்படியில்லை. அன்றைக்கு அவளைப் பேர்சொல்லிக் கூப்பிட இருபது பேர் இருந்தார்கள். தெருவில் யாரும் பார்த்திராத தலைமுடிகளெல்லாம் அங்கே அவிழும். ஹஜ் போய்வந்த ஹாஜ்ஜா ம்பார்க்கா குளத்தில் இறங்கினால் தண்ணீர் வழிந்து நடைபாதைக்கு வரும், அவள் வாய் திறந்தால் அதைவிட அதிகம் வரும். "ஏ ஜஹீதா, இந்த இடுப்ப வெச்சிக்கிட்டு இன்னுமா விதவையா உக்காந்திருக்க? எங்க கசாப்புக்கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்டி" என்பாள். ஜஹீதா கன்னம் சிவந்து அவள்மேல் தண்ணீர் அடிப்பாள். மாடிவீட்டு ஸலீஹா சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடப்பாள். அறுபத்திரண்டு வயதில் ஜஹீதாவுக்கு ஒரு வாரம் என்பது இந்த ஒரு பொழுதுதான். மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

குளத்தைக் காவல் காத்த லாமியா என்ற பெண் கல்யாணமாகி வஹ்ரான் நகரத்துக்குப் போனதில்தான் வம்பு பிறந்தது. நீச்சல் காவலுக்குப் படித்த பெண் ஊரில் வேறு யாருமில்லை. நகராட்சி விளையாட்டுக் கமிட்டி கூடியது. அதன் ஆறு உறுப்பினர்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. தலைவர் சீ லக்தர் (‘சீ’ என்றால் அந்த ஊரில் ‘திரு’) செருப்பு நனைந்தாலே சளி பிடிக்கிற ஆசாமி. அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆண்கள் நேரத்துக் காவலாளி நஸீம், செவ்வாய்க்கிழமைகளில் வாசலில் தொங்கும் திரைக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். உள்ளே ஆபத்தென்றால் பெண்கள் சத்தம் போட வேண்டியது, அவன் ஓடிவர வேண்டியது. பெண்களுக்கும் பரம திருப்தி. நேரமும் போகவில்லை, மானமும் போகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜஹீதா ஆழமான பக்கம் நீந்திக்கொண்டிருந்தபோது கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், முங்கினாள். பக்கத்தில் இருந்த ஸலீஹா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கரையிலிருந்து ம்பார்க்கா தொண்டை கிழியக் கத்தினாள்: "நஸீம்! ஓடிவாடா!"

நஸீம் ஓடித்தான் வந்தான். ஆனால் திரையருகே வந்ததும் அவன் வாய் தன்னால் கத்தியது: "தரீக்! தரீக்!"

வழி, வழி என்று பொருள். அந்த ஊரில் கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவன் அப்படித்தான் கத்துவான். சினேகிதனை வீட்டுக்குக் கூட்டி வருகிறவனும் கத்துவான். அதைக் கேட்டதும் பெண்கள் சடக்கென்று உள்ளே போய்விடுவார்கள். யோசித்துச் செய்கிற காரியமில்லை. காதில் விழுந்ததும் கால் எழுந்துவிடும். இப்போதும் எழுந்தது. குளத்திலிருந்த அத்தனை பேரும் துண்டைத் தேடிக் கரையேறி ஓடினார்கள். ஸலீஹாவும் கையை விட்டுவிட்டு ஓடினாள்.

தண்ணீருக்கடியில் ஜஹீதா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். ஏணியில் கால்கள் ஏறிப் போவதைப் பார்த்தாள். ம்பார்க்காவின் மருதாணிப் பாதங்கள் கூடக் கரையோரமாக விலகிப் போயின. பிறகு நீலத் தண்ணீர் மட்டும் இருந்தது. பயந்தாள், மறுப்பதற்கில்லை. ஆனால் நெஞ்சை அடைத்தது அதுவல்ல. எல்லோரும் போய்விட்டார்களே என்பதுதான் அடைத்தது.

வெளியே நஸீம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "வரலாமா? வரலாமா?" என்று தவித்துக்கொண்டிருந்தான். உள்ளே, "இருடா! இருடா!" என்று பத்துக் குரல். கடைசியில் ம்பார்க்கா எவளுடைய அங்கியையோ போர்த்திக்கொண்டு, "வந்து தொலை!" என்றாள். அவன் போட்ட சட்டையோடு குதித்து ஜஹீதாவை வெளியே இழுத்துப்போட்டான். அவள் வாந்தியெடுத்தாள், அழுதாள், பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் வீடு நிறைய ஆள். ம்பார்க்கா, ஸலீஹா, இன்னும் நாலைந்து பேர். தேன் ஊற்றிய ரவை இனிப்பும் ஒரு பெரிய தட்டு கூஸ்கூஸும் கொண்டு வந்தார்கள். நாற்காலி போதாமல் கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஜஹீதாவின் கண் சும்மா சும்மா கலங்கியது.

"இங்க பாரு," என்றாள் ம்பார்க்கா, வாயில் கூஸ்கூஸோடு. "நாளைக்கு நகராட்சியில கூப்ட்டு விசாரிக்கப் போறாங்க. பய லேட்டா வந்தான்னு சொல்லிடு. கத முடிஞ்சுது."

"அவன் லேட்டா வரலையே ஹாஜ்ஜா."

"தண்ணிக்குள்ள லேட்டாத்தானே வந்தான்? நீ என்ன கோர்ட்லயா நிக்கப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒருத்தி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நெசத்தச் சொன்னா இழுத்து மூடிருவானுங்க அக்கா. ஆம்பளைங்களுக்கு ஆறு நாளு இருக்கு. நமக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான். அதுமேலயும் லக்தருக்கு எப்பவுமே கண்ணு."

ஸலீஹா எல்லோருக்கும் கடைசியாக எழுந்தாள். கிளம்பும்போது, முந்தின நாள் பிடித்த அதே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னு விடல சித்தி."

"தெரியும்மா. நானா இருந்தாலும் விட்டிருப்பேன்."

சொன்னது ஆறுதலுக்கல்ல, உண்மையே அதுதான். அந்த உண்மைதான் அவர்கள் போனபிறகு அவளை உட்காரவிடவில்லை. தானும் விட்டிருப்பாள் என்றால் வருகிற செவ்வாய்க்கிழமை வேறொருத்தி முங்கும்போதும் இதேதான் நடக்கும். பயலைத் துரத்திவிட்டு வேறொருவனை உட்கார வைத்தாலும் அவனும் தரீக் என்றுதான் கத்துவான். வாயை மூடிக்கொண்டால் அவளுக்கு இருபது பேர் மிஞ்சுவார்கள். திறந்தால் இந்தக் கட்டிலும் நாற்காலிகளும்தான் மிஞ்சும். வந்தவர்கள் குடித்த தம்ளர்களைக் கழுவி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.

கமிட்டி அறையில் நஸீம் ஒரு மூலையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். சீ லக்தர் அவனைத்தான் முதலில் பிடித்தார்.

"கூப்ட்ட உடனே ஏன்டா உள்ள போகல?"

"தரீக் சொல்லாம எப்படி ஐயா போறது? எங்கம்மாவும் செவ்வாக்கெழம அங்கதான் இருப்பாங்க."

லக்தர் ஜஹீதாவைப் பார்த்தார். ம்பார்க்காவும் பின்வரிசையிலிருந்து அவளைப் பார்த்தாள்.

"பையன் மேல தப்பு இல்ல," என்றாள் ஜஹீதா. "அவன் வழி கேட்டான், நாங்க வழி விட்டோம். என் கையப் புடிச்சிருந்தவங்களும் விட்டுட்டுப் போனாங்க. அவங்க மேலயும் தப்பு இல்ல. ஆனா ஆள வெளிய உக்கார வெச்சா இன்னொரு நாளைக்கு ஒருத்தி செத்துருவா."

கமிட்டி வெகுநேரம் குசுகுசுத்தது. மூடலாமென்றால் தேர்தல் வருகிறது. பெண் காவலாளி போடலாமென்றால் ஆள் இல்லை. ஆகவே பெண்கள் நேரம் தொடரும், காவலாளியின் நாற்காலி மட்டும் திரைக்கு உள்ளே, தண்ணீர் ஓரத்துக்கு வரும் என்று முடிவானது. யார் வயிற்றிலும் அடிக்காத முடிவு என்று லக்தர் தன்னையே மெச்சிக்கொண்டார்.

படியிறங்கும்போது ம்பார்க்கா சொன்னாள்: "இப்ப மனசு குளிர்ந்துச்சா? ஆம்பள முன்னாடி இனி நீ மட்டும் போய்க் குளி."

அந்த வாரம் முழுக்க ஜஹீதாவின் கதவு தட்டப்படவில்லை. ரொட்டிக்கடையில் ஸலீஹா அவளைக் கண்டதும், மாவு வாங்க மறந்தவள் மாதிரி திரும்பிப் போய்விட்டாள். மாடியில் அவள் நடமாடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மகன் போன் செய்தான். குளத்தில் முங்கியதை அவனிடம் சொல்ல வாயெடுத்தாள், அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவள் போனாள். குளம் அசையாமல் கிடந்தது. ஒருத்தியும் வரவில்லை. நஸீம் உயரமான நாற்காலியில், குளத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"சித்தி, வேற யாரும் இல்லையே. நான் வேணா வெளிய போயிடவா?"

"உக்காரு."

இறங்கினாள். கை வீசுகிற சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. கேலி பேச ஆளில்லாத குளம் இத்தனை பெரிதாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. ஆழமான பக்கம் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நஸீமின் பின்னந்தலைதான் தெரிந்தது.

"நஸீம்."

"சொல்லுங்க சித்தி." அவன் திரும்பவில்லை.

"திரும்புடா."

"பரவால்ல சித்தி. காது இங்கதான் இருக்கு."

"முழுகறவ சத்தம் போட மாட்டா. நான் போடல. திரும்பு. என்னப் பாரு."

அவன் மெதுவாகத் திரும்பினான். காதுவரை சிவந்திருந்தது. முட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்தான்.

ஜஹீதா விளிம்பை விட்டுவிட்டு நீந்தத் தொடங்கினாள். ஒருவர் தன்னை இப்படிக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்து எத்தனையோ காலமாகியிருந்தது. நேரம் முடிந்து அவன் விசில் ஊதும்வரை அவள் கரையேறவில்லை.