மெத்தை வூட்டில் ஓசை அழிந்தது

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்து ஊரில், மாடி வைத்துக் கட்டியதால் மெத்தை வூடு என்று பெயர் பெற்ற கண்ணாயிரத்தின் வீட்டில் எந்த ஓசையும் கேட்பதில்லை. பித்தளைக் குடம் படியில் உருண்டாலும் மாடு கத்தினாலும் அப்படித்தான். வாசல் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டால் எல்லாம் பழையபடி கேட்கும். மழையும் அந்த வீட்டின்மேல் மட்டும் சத்தமில்லாமல் பெய்தது.

இதற்குக் காரணம் மகள் மணிமொழி. பெங்களூரில் வேலை பார்த்தவள், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரன் ஒருவனைத் தானே தேடிக் கட்டிக்கொண்டாள். அவள் பெயர் இனி என் வீட்டில் ஒலிக்கக் கூடாது என்றார் கண்ணாயிரம். மெத்தை வீட்டார் சொன்ன சொல்லை மாற்றுகிறவர்கள் அல்லர். ஊரில் பலர் இதைப் பிடிவாதம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களுக்குக் காப்பாற்றிக்கொள்ள எதுவும் இருந்ததில்லை.

அவள் விட்டுப்போன பொருள்களில், தீப்பெட்டி அளவில் பாட்டுக் கேட்கும் கருவி ஒன்று இருந்தது. மகன் அறிவுச்செல்வன் அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினான். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கருவியின் திரையில் மணிமொழி என்ற பெயர் மட்டும் எரிந்தது. அதைப் பார்த்த கண்ணாயிரம் கருவியைப் பிடுங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த ஜீவா செருகிப் பார்த்து, “இது வேற ஜாதி கம்ப்யூட்டர்ல பழகினதுங்க. நம்ம கம்ப்யூட்டரோட சேராது” என்றான்.

“ஜாதியப் பத்தி எங்கிட்ட பேசாத. சேர இன்னா பண்ணணும், அத சொல்லு.”

“உள்ள இருக்கறத மொத்தமா அழிச்சிட்டு ஃபார்மட் பண்ணணுங்க. பாட்டு ஒண்ணும் மிஞ்சாது. புதுசா ஒரு பேரு வெக்கணும். இதே பேரு போட்டுடவா?”

“அந்தப் பேரு வேணாம். மெத்தை வூடுன்னு போடு.”

பெயரை முதலில் மாற்றிவிட்டு அழிப்பதைப் பிறகு வைத்துக்கொண்டதுதான் பிழை. மெத்தை வூடு என்பதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஜீவா அதைத் தமிழில் சொன்னான்.

“அழி” என்றார் கண்ணாயிரம்.

அந்நேரம் ஊரில் அவர் மனைவி கொளஞ்சியம்மாள் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு சத்தமில்லாமல் வெடித்தது.

அதுவரை மெத்தை வீட்டுச் சண்டை சுவரைத் தாண்டியதில்லை. இப்போது ஒருவரை ஒருவர் ஏசுவதற்கும் தெருவுக்கு வரவேண்டியதாயிற்று. கொளஞ்சியம்மாள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் புருஷனைத் திட்டினாள். எதிர்வீட்டு ஜெயம்மாள் முறத்தோடு வந்து, “இன்னாக்கா, நேத்து பாதியிலயே உள்ள பூட்டீங்க. மீதி இன்னா ஆச்சி?” என்று கேட்பாள். அறிவுச்செல்வனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் காபி டம்ளரை ஓசையின்றி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவன் சின்னசேலத்துக்குக் குடிபோனான். கண்ணாயிரம் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார். உள்ளிருந்தபடி உதட்டை மட்டும் அசைப்பார். உதட்டைப் படிக்க வீட்டார் பழகிக்கொண்டார்கள்.

சில வருடம் கழித்து மணிமொழி தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள்.

“அப்பா, அத குடுங்க. என் பேர வெச்சி திரும்ப மாத்திடறேன். சத்தம் வந்துரும்” என்று, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்.

கேட்டுக்கு உள்ளே நின்ற கண்ணாயிரம் சட்டைப்பையிலிருந்த கருவியைக் கையால் பொத்திக்கொண்டார். ஓசை வேண்டுமென்றால் அந்தப் பெயரும் கூட வரும். அவர் உதடு ஒரு முறை அசைந்தது.

“இன்னாம்மா சொல்றாரு?” என்று கேட்டாள் மணிமொழி.

“‘போ’ன்னு சொல்றாரு” என்றாள் கொளஞ்சியம்மாள். நாற்காலியை விட்டு எழுந்தாள். “இரு, பொடவ எடுத்துக்கினு வரேன். சேந்தே போவலாம்.”

உள்ளே போனவள் ஒரு பையோடு வந்தாள். இருவரும் மலைக்கு பஸ் ஏறினார்கள். கண்ணாயிரம் கேட்டை அறைந்து சாத்தினார். அது அறைந்ததாக ஊரில் யாருக்கும் தெரியாது.

இப்போது அவர் தனியாக இருக்கிறார். பால்காரர் அவர் கண்ணில் படும்வரை கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். பரீட்சை வந்தால் பிள்ளைகள் அந்த வீட்டு மாடியில் போய்ப் படிக்கிறார்கள். ஆடி மாதம் கோயிலில் ஸ்பீக்கர் கட்டியதும், தெருக்காரர்கள் மதியத் தூக்கத்துக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை; நகர்ந்து இடம் விடுகிறார்.