முழங்கால் உயரத்துக்கு ஒரு பட்டை

மிட்டாய் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"தொண்டை போச்சும்மா" என்று அவர் உதடு அசைந்ததை, கூட மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த அவள் கண்ணால்தான் கேட்டாள். கூட்ட அரங்கின் பின்சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த மொழிபெயர்ப்பாளர் கூண்டுக்குள் இரண்டு நாற்காலி, இரண்டு மைக், முன்னால் ஒரு கண்ணாடி. அரைமணிக்கு ஒருவர் என்று மாற்றிமாற்றிப் பேசுவதுதான் அந்தத் தொழிலின் ஏற்பாடு. அதற்கு மேல் ஒரே ஆள் பேசினால் மூளை குழம்பி உளற ஆரம்பித்துவிடும். போகிற கூட்டத்துக்கெல்லாம் சட்டைப்பை நிறைய இருமல் மிட்டாயோடு வந்து, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, பெயரே மிட்டாய் என்று ஆகிப்போன மனிதருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால், கடைக்காரரே கடையைச் சாத்திவிட்டாரே என்று கேலி செய்திருப்பாள். இன்றைக்கு நிகழ்ச்சிநிரலை எடுத்து யார் எப்போது பேசுகிறார்கள் என்று பார்த்தாள்.

அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முதலில் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிற கடல் நிபுணர் பேசுவார். அது அவள் முறை. அடுத்ததாகக் கடலை ஒட்டிய கடைசித் தெருக்காரர்கள் சார்பில் அவளுடைய தம்பி பேசுவான். அது மிட்டாயின் முறை. அந்த நேரம் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, சும்மா கண்ணாடி வழியாக அவன் கையசைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்திருந்தாள். கணக்கில் மண் விழுந்தது.

சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட கூட்டத்தில் உட்காரக்கூடாது என்பது விதி. வேலை வந்த அன்றே சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கவேண்டும். சொல்லத்தான் போனாள். அம்மாதான் தடுத்தாள். "நீ உள்ள இருந்தா தம்பிக்குத் தைரியமா இருக்கும்டி. அவன் என்ன உனக்கு வேத்தாளா?" என்று கேட்டாள். அம்மா ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லக்கூடாது, சொன்னபடி செய்யவேண்டும், அவ்வளவுதான். இனிமேல் எழுந்து போகவும் வழியில்லை. போனால் அந்த அரங்கில் யார் பேசுவதும் யாருக்கும் புரியாது.

கடல் ஏறப்போகிறது என்பதில் அங்கே யாருக்கும் சண்டையில்லை. எவ்வளவு ஏறும் என்பதில்தான் சண்டை. ஒரு கணிப்பு, இந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரை மீட்டர் என்றது. இன்னொரு கணிப்பு ஒரு மீட்டரைத் தொடும் என்றது. அரை மீட்டர் என்றால் கடைசித் தெருவுக்கு முன்னால் தடுப்புச்சுவர் எழுப்பலாம். ஒரு மீட்டர் என்றால் சுவர் வீண்வேலை. தெருவையே காலிசெய்து, ஊருக்குப் பின்னால் எழுப்பியிருக்கிற அடுக்குமாடிகளுக்கு எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள். மற்ற இடங்களில் ஆபத்தைப் பெரிதாகக் காட்டினால்தான் அரசாங்கம் திரும்பிப் பார்க்கும். இங்கே ஆபத்து சின்னது என்று சாதித்தால்தான் சுவர் கிடைக்கும். கடலுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் கடலை நம்புங்கள் என்று கத்தவேண்டியிருந்தது.

அவள் இந்தக் கூட்டத்துக்காக அறிக்கைகளையெல்லாம் உட்கார்ந்து படித்திருந்தாள். சொற்களுக்காகத்தான் படித்தாள். படித்து முடித்தபோது சொற்களோடு பயமும் கூடவே வந்து சேர்ந்திருந்தது. எந்தக் கணிப்பு சரி என்று அவளைக் கேட்டால், ஒரு மீட்டர் என்பாள். ஆனால் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவளை யாரும் கேட்கமாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி கேட்டான், வேறு விதமாக. அவன் பிரிட்ஜ் மெக்கானிக். வீட்டு முன்னறைதான் கடை. உப்புக்காற்று தெருவிலிருக்கிற பிரிட்ஜ்களின் பின்பக்கத்தை அரித்துக்கொண்டே இருப்பதால் அவனுக்கு வேலை ஓய்ந்ததில்லை. 'கடல்தான் எனக்கு முதலாளி' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். அடுக்குமாடிப் பக்கம் உப்பும் கிடையாது, துருவும் கிடையாது. அங்கே போய் அவன் எதைப் பழுதுபார்ப்பது? அன்றைக்கு ஒரு கம்ப்ரசரைத் திருகிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினான்.

"அக்கா, அந்த நிபுணரம்மா ஒரு மீட்டரை 'மறுக்க முடியாது'ன்னு சொன்னா, நீ 'வாய்ப்பு கம்மி'ன்னு மாத்திச் சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"அது என் வார்த்தை இல்லடா. அவங்க வார்த்தை."

"ஊர்ல இருக்கிறவன் வார்த்தையெல்லாம் சொல்ற. நம்ம வீட்டு வார்த்தைய மட்டும் சொல்லமாட்ட."

அவள் கீழே உருண்ட திருகாணியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. நிபுணர் பேச ஆரம்பித்தார். ஒல்லியான, நடுத்தர வயதுப் பெண்மணி. கோபமே வராத குரல். அவர் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்லும்போதே அவள் அதன் முதல் பாதியைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். "உயர்ந்த கணிப்பை நம்மால் மறுக்க முடியாது" என்ற இடம் வந்தது. மாற்றியிருந்தால் மிட்டாயைத் தவிர ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மிட்டாய்க்கோ குரலே இல்லை. ஆனாலும் "மறுக்க முடியாது" என்றுதான் வாய் சொன்னது. அத்தனை வருடப் பழக்கம் அது, நேர்மை என்றெல்லாம் சொல்லிக்கொள்ள அவளுக்கே கூச்சமாக இருந்தது. மூன்றாவது வரிசையில் ஹெட்போன் மாட்டியிருந்த தம்பி ஒருமுறை திரும்பிக் கூண்டைப் பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டான்.

அடுத்து திரையில் ஒரு படம் வந்தது. கடைசித் தெரு. அளவெடுக்க வந்தவர்கள் எடுத்த படம். சரியாக அவர்கள் வீட்டுக்கு எதிரே நின்று எடுத்திருந்தார்கள். வெளிர்மஞ்சள் சுவர், அடியில் முழங்கால் உயரத்துக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பட்டை. பக்கத்து வீட்டிலும் பட்டை, அதற்கடுத்த வீட்டிலும் பட்டை. வாசலில் ஒரு பெண், வெயிலுக்கோ காமிராவுக்கோ கையைக் குறுக்கே வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அந்தச் சேலை இப்போது வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

பட்டைக்கு நிறம் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். படம் எடுப்பதற்கு முந்தைய மழைக்காலத்தில், காற்றும் பெரிய அலையும் சேர்ந்துகொண்ட ஒரு நாளில், கடல் வீட்டுக்குள் வந்தது. வாசல் வழியாக வந்திருந்தால் கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். குளியலறைச் சாக்கடை ஓட்டை வழியாக, அடியிலிருந்து, சத்தமே போடாமல் வந்தது. முன்னறையில் பழுதுக்கு வந்திருந்த பிரிட்ஜ்கள் மிதந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அம்மாவைத் தூக்கி, அசையாமல் கிடந்த பெரிய ஐஸ் பெட்டிமேல் உட்காரவைத்தார்கள். அம்மா காலை மடக்கி உட்கார்ந்து, கல்யாண வீட்டில் சரியான மரியாதை கிடைக்காத சம்பந்தி மாதிரி எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் வெளிய மூச்சு விடக்கூடாது. தண்ணி வந்த வீடுன்னு பேர் எடுத்துட்டா அப்புறம் போகவே போகாது."

எல்லா வீட்டு அம்மாக்களும் அதையேதான் சொல்லியிருக்கவேண்டும். கழுவினாலும் போகாமல் சுவரில் உப்பு பூத்த இடத்தை, கொஞ்ச நாளைக்குள் வீடு வீடாகப் பட்டை அடித்து மூடினார்கள். யாரும் கூடிப் பேசவில்லை. ஒரே தண்ணீர் என்பதால் எல்லார் பட்டையும் ஒரே உயரத்தில் இருந்தது.

தம்பியை அழைத்தார்கள். தன் இடத்திலேயே எழுந்து, முன்னாலிருந்த மைக்கைப் பிடித்தான். ஹெட்போன் அவன் கழுத்தில் தொங்கியது. இனி அவன் பேசுவதை அவள் நிபுணரின் மொழியில் சொல்லவேண்டும். கூண்டுக்குள் 'அவர் சொல்கிறார்' என்ற பேச்சே கிடையாது. பேசுகிறவன் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்பாள். அதுவும் தொழிலின் ஏற்பாடுதான். எத்தனையோ அமைச்சர்களாகவும் வியாபாரிகளாகவும் அவள் இருந்திருக்கிறாள். இன்று தம்பியாக இருந்தாள்.

"நான் பிரிட்ஜ் ரிப்பேர் பண்றவன். எங்கம்மாவுக்கு முழங்கால் வலி. மாடி ஏறமாட்டாங்க. அடுக்குமாடில நாலாவது மாடி குடுக்கிறீங்க. லிஃப்ட் நின்னுபோச்சுன்னா எங்கம்மா அங்கயே கெடக்க வேண்டியதுதான்."

என் அம்மா, என் அம்மா என்று அவள் அந்நிய மொழியில் சொல்லிக்கொண்டே போனாள். இத்தனை வருடத்தில் வாயில் வந்த எத்தனையோ 'என்'களில் இது ஒன்றுதான் சொந்தம். குரல் நடுங்கிவிடுமோ என்று பயந்தாள். நடுங்கவில்லை. அதுவும் வருத்தமாகத்தான் இருந்தது. தம்பி நன்றாகப் பேசினான். பொய்யில்லாத இடங்களில் நிஜமாகவே நன்றாகப் பேசினான்.

நிபுணர் கையை உயர்த்தினார். திரையைக் காட்டி ஏதோ கேட்டார். தம்பி ஹெட்போனைக் காதுக்கு ஏற்றினான், அவள் மொழிபெயர்த்தாள். "எல்லா வீடுகளிலும் ஒரே உயரத்தில் இந்தப் பட்டை ஏன் இருக்கிறது?"

அரங்கில் கடைசித் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் நாற்காலிகள் லேசாக நகர்ந்தன. தம்பி சிரித்தான். கடைக்கு வருகிறவர்களிடம் 'நாளைக்கு ரெடியாயிடும்' என்று சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு.

"அது சும்மா அழகுக்குங்க. எங்க தெருவுல அப்படி ஒரு பழக்கம். தண்ணி வந்துச்சோன்னு நெனைக்கிறீங்க. இதுவரைக்கும் ஒரு சொட்டு உள்ள வந்தது கிடையாது. எங்கக்கா இருக்காங்க, படிச்சவங்க. பொய் சொல்றது அவங்களுக்குப் பிடிக்காது. அவங்களையே கேட்டுப் பாருங்க."

மிட்டாய் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். அவள் சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். ஒரு சொட்டுக்கூட வந்ததில்லை, என் அக்காவைக் கேளுங்கள், பொய் அவளுக்குப் பிடிக்காது. தம்பி வேண்டுமென்று செய்தானா, பேச்சு வேகத்தில் வாய் தவறினானா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளை மாட்டிவிட்டான் என்று கோபம் வந்தது. இத்தனை பேர் முன்னால் அக்காவை நம்பினானே என்று அழுகையும் வந்தது. இரண்டுக்கும் அங்கே இடமில்லை. ஒலி தடுக்கிற சுவரும் ஒரு கண்ணாடியும்தான் இருந்தன.

நிபுணர் யோசித்தார். பிறகு, அதே கோபமில்லாத குரலில் ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்வி. தம்பி காதில் ஹெட்போனோடு காத்திருந்தான்.

மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் உண்டு. இருமல் வந்தால் அழுத்துவதற்கு. விரல் அதன்மேல் இருக்கும்வரை உள்ளே பேசுவது வெளியே போகாது. அவள் அதை அழுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

"வந்துச்சு" என்றாள், கண்ணாடியைப் பார்த்து. "முழங்கால் வரைக்கும் வந்துச்சு. சாக்கடை வழியா வந்துச்சு. எங்கம்மாவ ஐஸ் பெட்டிமேல தூக்கி வெச்சோம். இனிமேலயும் வரும். சுவர் கட்டினாலும் அடியில வரும்."

மூன்றாவது வரிசையில் தம்பி ஹெட்போனைத் தட்டிப் பார்த்தான். இருக்கையின் கைப்பிடியிலிருந்த குமிழைத் திருகி ஒலியைக் கூட்டினான். ஒன்றும் கேட்காமல் இன்னும் திருகினான். எந்தக் கருவி நின்றுபோனாலும் அதைத் தட்டாமல், திருகாமல் அவனால் இருக்கமுடியாது. அவன் விரல் குமிழின் கடைசிவரை போனது.

மிட்டாய் சட்டைப்பைக்குள் கைவிட்டார். ஒரு மிட்டாயின் தாளைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை. விரலை எடுத்தாள். விளக்கு எரிந்தது.

"அந்த அக்கா இந்த அரங்குக்கு வந்திருக்கிறாரா? வந்திருந்தால் அவரிடமே கேட்க விரும்புகிறேன்."

முழு ஒலியில் அவள் குரல் காதில் விழுந்து தம்பி உடம்பே தூக்கிப்போட்டது. ஹெட்போனைப் பிடுங்கிக் கழுத்துக்கு இறக்கினான். பிறகு திரும்பி, வரிசைகளுக்கு மேலாகக் கூண்டைப் பார்த்தான். சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு அவளைப் பார்த்த அதே பார்வை. அப்போது, நான்தான் உடைத்தேன் என்று அவள்தான் முன்னால் போய் நின்றாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கூட்டத் தலைவர் தொண்டையைச் செருமினார். தம்பி மைக் பக்கம் குனிந்தான்.

"இல்லைங்க. அவங்க வரல."

நிபுணர் ஒரு கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். பட்டன் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இல்லை. என் அக்கா வரவில்லை" என்று அந்த மொழியில் தெளிவாகச் சொன்னாள்.

நிபுணர் தலையசைத்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை எடுத்தார். படத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குப் பின்னால், திரையின் முழு உயரத்துக்கு, காப்பிக்கொட்டை நிறப் பட்டைக்குப் பக்கத்தில், கையைக் குறுக்கே வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றிருந்தாள்.