செத்த செயின்சாக்கள் மூன்று

கருணாகரன் வாங்கி வந்த மூன்று செயின்சாக்களில் ஒன்றுகூட ஓடாது. ஓடாது என்று தெரிந்துதான் வாங்கினான். ஓடுகிறதை எவன் விற்பான் என்பது அவன் கேள்வி. ஓடாததை எவன் வாங்குவான் என்பது காஜா பெராங்கில் அவனைத் தெரிந்த எல்லோருடைய கேள்வி.

சுங்கை ஊடாங் பக்கம் ராணுவ முகாம் எழுப்பக் காடு வெட்டிய கான்ட்ராக்டர் ஒருவர், வேலை முடிந்ததும் வேண்டாத சாமான்களை லெலோங் என்று ஏலம் போட்டார். துருப்பிடித்த கம்பி, கிழிந்த கித்தான், சக்கரம் போன தள்ளுவண்டி, இவற்றுக்கு நடுவே இந்த மூன்றும் கிடந்தன. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து மூன்று வருடமாகியும் மலாக்காவில் பாதிப் பேர் எஞ்சினில் ஓடி மரம் அறுக்கும் செயின்சாவைக் கண்ணால் பார்த்ததில்லை. மரம் வெட்டக் கோடாலி, இல்லாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்கிற ரம்பம். லெலோங்குக்கு வந்தவர்கள் ஏதோ தண்ணீர் பம்ப் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். கருணாகரன் மட்டும் நின்றுவிட்டான். பஸ் கம்பெனிப் பட்டறையில் மெக்கானிக் அவன். எந்த எஞ்சினையும் கழற்றிப் பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. கழற்றியதைத் திரும்ப மாட்டும்போதுதான் சில சமயம் இரண்டு திருகாணி மிஞ்சும்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சார்ப்பில் மூன்றையும் பரப்பி வைத்தான். முதலாவதில் பெரிய கோளாறு இல்லை. கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஜவ்வு காய்ந்து அப்பளமாகியிருந்தது, பிளக்குக்கு நெருப்புப் பொறி அனுப்பும் பாயிண்டில் பச்சை பூத்திருந்தது. இரண்டாவதில் லாரி ஓட்டிப் பழகிய எவனோ ஒரு மகராசன் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருந்தான். இந்த ஜாதி எஞ்சினுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். ஊற்றாததால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவதின் மேல் மரமே விழுந்திருந்தது. சைலன்சர் தட்டையாக நசுங்கிப் போயிருந்தது, ஆனால் பிஸ்டனும் சிலிண்டரும் தப்பியிருந்தன. மூன்றாவதை அறுத்து மற்ற இரண்டையும் பிழைக்க வைப்பது என்று முடிவு செய்தான்.

"மூணு பொணத்த வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டு என்னா சந்தோசம் பாரு," என்றாள் அவன் மனைவி சந்திரமதி. ஆனாலும் எண்ணெய்த் துணி துவைத்துக் கொடுத்தவளும் அவள்தான். கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கோயிலிலோ கடையிலோ யாராவது கேட்டால், "எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க" என்பான் கருணாகரன். சந்திரமதி தலையாட்டுவாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

புது ஜவ்வு வெட்டிப் போட்டதும் முதல் செயின்சா உயிர் பெற்றது. அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலி தாண்டி ஓடின. சந்திரமதி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கருணாகரன் அன்றைக்கே விறகுக்கடை நாகூர் மீரானிடம் போய்ச் சொன்னான்.

மீரான் பாய் பெரிய வியாபாரி. டுரியான் துங்கல் பக்கம் கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடுகிறார்கள். அந்த மரங்களை வெட்டி விறகாக்கும் வேலையை அவர் பிடித்திருந்தார். "ஓடுறத என் கண்ணால பாக்கணும். ஓடுச்சுன்னா ரெண்டையும் நானே எடுத்துக்குறேன். கிடங்குக்குப் பக்கத்துல எடம் சும்மா கெடக்கு. நீ அங்கயே பட்டறை போட்டுக்க" என்றார். கருணாகரனுக்கு அந்த வார்த்தை போதும். அடுத்தவன் பஸ்ஸுக்கு அடியில் படுத்தே தலை நரைத்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தவன் அவன். சொந்தப் பட்டறை என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது.

பாய் உடனே வரவில்லை. உறவில் ஒரு கல்யாணம், பிறகு லாரி ரிப்பேர் என்று நாள் ஓடியது. முதல் செயின்சா சார்ப்பில் பலகை மேல் சும்மா கிடந்தது. அந்த இடைவெளியில் கருணாகரன் இரண்டாவதன் பிஸ்டனோடு மல்லுக்கட்டி, மூன்றாவதின் பிஸ்டனையும் சிலிண்டரையும் அதற்கு மாற்றிவிட்டான். முழுக்கப் பூட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி.

கடைசியில் பாய் வந்தார். தனியாக வரவில்லை, வேலையாட்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கமும் கூடிவிட்டது. கருணாகரன் முதல் செயின்சாவின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். செயின்சா ஒரு தரம் இருமி அடங்கியது. மறுபடி இழுத்தான், மறுபடி இருமல். தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆனதுதான் மிச்சம்.

"தம்பி, இது செயின்சாவா, சீக்காளியா?" என்றார் பாய். கூட்டம் சிரித்தது. "சரி, ஞாயித்துக்கெழம வர்றேன். அன்னைக்கும் இருமுச்சுன்னா எனக்குக் கோடாலியே போதும் லா."

அந்த வாரம் முழுக்கப் பட்டறை விட்டு வந்ததும் செயின்சாவைக் கட்டிக்கொண்டு அழுதான். பிளக்கை மாற்றினான். பாயிண்டைத் தேய்த்தான். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டினான். நெருப்பும் வந்தது, பெட்ரோலும் வந்தது, எஞ்சின் மட்டும் வரவில்லை. சந்திரமதி காப்பி கொண்டுவந்து வைப்பாள். ஏதோ சொல்லப்போகிறவள் போல் நிற்பாள், சொல்லாமல் போய்விடுவாள். தன் தோல்வியைப் பார்க்கச் சகிக்காமல் தவிக்கிறாள் என்று நினைத்து அவனுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

ஞாயிறு காலையில், பாய் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில், வேறு வழி தெரியாமல் செயின்சாவைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினான். சைலன்சரின் வாயில் மண். விரல் நுழைகிற துளையை மண்ணால் வழவழவென்று பூசி அடைத்திருந்தது. குளவிக்கூடு. புகை போக வழியில்லாமல் எஞ்சின் மூச்சு முட்டியிருக்கிறது. பஸ் மெக்கானிக்குக்கு இது தோன்றாததில் வியப்பில்லை. பஸ்ஸின் புகைக்குழாய் கை மொத்தம் இருக்கும், அதை அடைக்க எந்தக் குளவிக்கும் ஆயுசு பத்தாது.

"அட சனியனே!" என்று சிரித்துக்கொண்டே ஸ்குரூடிரைவரை எடுத்தான். குத்தப்போன கையை யாரோ பிடித்தார்கள்.

"வேணாங்க," என்றாள் சந்திரமதி.

அவளுடைய பிடியின் இறுக்கத்தில்தான் அவனுக்கு விஷயம் விளங்கியது. குளவி வீட்டில் மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பார்கள். தானாகப் பறந்து போகிற வரைக்கும் கலைக்க மாட்டார்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அது மொத மண்ணு கொண்டாந்தப்பவே பாத்தேன்."

"பாய் முன்னால நான் கயித்த இழுத்து இழுத்துச் செத்தேனே. ஊரே சிரிச்சுச்சே. பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன். சொன்னா ஒடச்சிருப்பீங்க."

கருணாகரனுக்குக் கோபம் தலைக்கேறியது. "பட்டறை போச்சுன்னா என்னா செய்வ? நமக்குத்தான் ஒரு குறையும் இல்லன்னு ஆயிருச்சே. இப்ப என்னா புதுசா?"

"அது நீங்க சொன்னது," என்றாள் அவள். "நான் தலையதான ஆட்டுனேன்."

அவன் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருடமாக அவள் மனசு ஆறிவிட்டது என்று நிம்மதியாக இருந்திருக்கிறான். ஆறவில்லை. தன்னைப் போலவே ஆறியதாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தெருமுனையில் பாயின் லாரி ஹாரன் அடித்தது.

அப்போதுதான் இன்னும் பூட்டி முடிக்காத இரண்டாவது செயின்சா கண்ணில் பட்டது. ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்றை அறுத்து ஒன்றைப் பிழைக்க வைப்பதுதானே தொழில், இதற்கு ஏன் இவ்வளவு நேரம் மூளை வேலை செய்யவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். முதலாவதின் திருகாணிகளைப் பதமாகக் கழற்றினான். கூட்டோடு இருந்த சைலன்சரைச் சந்திரமதி இரண்டு கையாலும் வாங்கிச் சமையலறை வாசல் பலகைமேல் வைத்தாள். இரண்டாவதன் சைலன்சர் முதலாவதற்கு ஏறியது.

பாய் வந்து நின்றதும் கருணாகரன் கயிற்றை இழுத்தான். செயின்சா முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. லாரியில் கொண்டுவந்திருந்த ரப்பர் கட்டையை வைத்தார்கள், மரத்தூள் பாயின் வெள்ளைச் சட்டையெல்லாம் அப்பிக்கொண்டது. பாய் தட்டிவிடவில்லை.

"போதும் போதும், நிப்பாட்டு. ரெண்டாவதையும் லாரியில ஏத்து."

"அது ஓடாது பாய். சைலன்சர் இல்ல. சிங்கப்பூர்லேருந்துதான் வரவழைக்கணும், எப்ப கெடைக்கும்னு தெரியாது."

கையில் இருந்த வியாபாரத்தைத் தானே தட்டிவிட்டது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள பாய் ஒத்துக்கொள்வாரா, பட்டறைக்கு இடம் தருவாரா என்று பாயின் முகத்தையே பார்த்தான். பாயின் கண்ணோ சமையலறை வாசலுக்குப் போய்விட்டது.

"அந்தா இருக்குறது என்னா, மீன் சட்டியா?"

"அது சைலன்சர்தான். அதுல ஆள் குடியிருக்கு பாய்."

பாய் கிட்டப் போய்க் குனிந்தார். அடைத்த மண்ணைப் பார்த்தார். வாசலில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சந்திரமதியைப் பார்த்தார். கூட வந்த ஆள் ஒருவன் அதைத் தொடக் கை நீட்டினான். பாய் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"கருணா, நாளைக்கே சாமானெல்லாம் கட்டி என் கிடங்குக்குக் கொண்டாந்துரு," என்றார். வழக்கமாகத் தெருவுக்கே கேட்கப் பேசுகிறவரின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "இத மட்டும் இங்கயே விட்டுட்டு வா."