மஞ்சள் தகடு

எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு போர்டு இருக்கு. ‘இன்றைய பயங்கரவாத எச்சரிக்கை நிலை’ன்னு மேல எழுதியிருக்கும், கீழ ரெண்டு கொக்கி. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு மூணு தகடு. மேலிடத்துல இருந்து எந்த நிறம்னு எனக்கு மெயில் வருதோ, அதை எடுத்து அந்தக் கொக்கியில மாட்டணும். மாட்டுறவ நான். வரவேற்பு மேஜையில உக்காந்து போன் எடுத்து, வர்றவங்க பேரை எழுதி, அதோட இதையும் ஆறு வருஷமா பாத்துக்கறேன்.

இந்த ஆறு வருஷத்துல அந்த போர்டு முன்னாடி நின்னவர் ஒரே ஒருத்தர். பரவாயில்லையே, ஒருத்தராவது படிக்கிறாரேன்னு எட்டிப் பாத்தா, பளபளன்னு இருந்த தகட்டுல முகம் பாத்துத் தலை சீவிட்டிருக்கார்.

ஆரஞ்சுன்னா என்ன சார் பண்ணணும்னு எங்க அதிகாரிகிட்ட ஒரு நாள் கேட்டேன். கூடுதல் கவனமா இருக்கணும்னார். அப்ப மஞ்சள்னா? கவனமா இருக்கணும்னார். அவருக்கு அதுல அசைக்க முடியாத நம்பிக்கை. இத்தனை வருஷமா இங்க ஒண்ணும் நடக்கலையே, எல்லாம் இந்த போர்டாலதான்னு சொல்வார். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுட்டு, நம்ம வீட்டு வாசல்லயும் ஒண்ணு மாட்டு, நீ வர்றப்ப என்ன நிறம்னு தெரிஞ்சா நானும் பொண்ணும் உஷாரா இருந்துக்குவோம்னார். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். அதை நான் இல்லைன்னு சொல்லல.

ஆனா சிவப்புக்கு மட்டும் ஒரு நிஜமான விதி உண்டு. மஞ்சள்ல அடையாள அட்டையை மறந்துட்டா ஒரு கையெழுத்து போட்டுட்டு உள்ள போகலாம். சிவப்புல அட்டை இல்லாம யாரும் உள்ள வரக்கூடாது. வந்தவங்க ஒப்பந்த ஆளா இருந்தா வேலையே போயிடும்.

அக்காவைப் பத்திச் சொல்லணும். ஒப்பந்தத்துல துப்புரவு வேலை பாக்கறவங்க. என்னைவிட வயசுல சின்னவங்கதான், ஆனாலும் ஆபீஸ்ல எல்லாருக்கும் அவங்க அக்கா. தோள்ல ஒரு ஈரத்துணி, வாய்ல வார்த்தை கம்மி. காலையில வந்ததும் முதல்ல அந்த போர்டைத் துடைச்சிட்டுத்தான் மத்த வேலை.

ஒரு சமயம் எங்கயோ தூரத்து ஊர்ல ஏதோ நடந்து, எங்களுக்கும் சிவப்பு வந்துச்சு. ரெண்டு நாள் காவலாளி எல்லார் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பாத்தார். மூணாவது நாள்ல இருந்து பழைய மாதிரி தலையாட்டி அனுப்பிட்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், மஞ்சளுக்குக் குறைச்சாச்சுன்னு மெயில் வந்துச்சு. அதைத் திறந்து படிச்சிட்டிருக்கும்போதே பொண்ணோட ஸ்கூல்ல இருந்து போன், பல்வலியில அழறான்னு. திங்கக்கிழமை மாட்டிக்கலாம்னு பையைத் தூக்கிட்டு ஓடினேன். அதோட சுத்தமா மறந்துட்டேன். ஒரு தடவை திறந்த மெயில் மத்ததோட மத்ததா கலந்து கிடக்கும், கண்ணுல படாது.

செவ்வாக்கிழமை அக்கா மேஜைகிட்ட வந்து நின்னாங்க. டிவியில குறைச்சாச்சுன்னு சொன்னாங்களே மேடம், நம்மளது இன்னும் சிவப்பா இருக்கேன்னு மெதுவா கேட்டாங்க. அன்னைக்கு எனக்கு ஏற்கெனவே யார் மேலயோ கடுப்பு.

“டிவி பாத்துதான் நான் வேலை பாக்கணுமா? நீ துடைக்கிற வேலையை மட்டும் பாரு”ன்னேன்.

நாலு வருஷமா அவங்களை ‘நீங்க’ன்னு கூப்பிட்டவ நான். அன்னைக்கு ‘நீ’ன்னு இறங்கிட்டேன். சரிங்க மேடம்னு போயிட்டாங்க.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அக்கா அட்டையை மறந்துட்டு வந்துட்டாங்க. முந்தின நாள் மேல்கோட்டைத் துவைச்சப்ப வீட்டுல எடுத்து வெச்சது அங்கயே இருந்துடுச்சு. காவலாளி, அக்கா வீட்டுக்காரரோட கால்வலி எப்படி இருக்குன்னு விசாரிச்சுத்தான் அவங்களை உள்ள விட்டார். அரை மணி நேரத்துல மேலிடத்து ஆட்கள் சோதனைக்கு வந்தாங்க. போர்டுல என்ன நிறமோ, அதுதான் அவங்களுக்கும் கணக்கு. காவலாளி போர்டை ஒரு தடவை நிமிர்ந்து பாத்தார், பயந்தார். அட்டை இல்லாம பின்வாசல் வழியா வந்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்துட்டார்.

மறுநாள் காலையில விசாரணை. சிவப்பு உத்தரவை எடுத்துட்டு வாங்கன்னார் அதிகாரி. மெயில்ல தேடினேன். அதுக்கு மேலயே உக்காந்திருந்துச்சு, மஞ்சள் உத்தரவு. ரெண்டு வாரமா போர்டு பொய் சொல்லிட்டிருந்திருக்கு. முந்தின நாள் மஞ்சள். ஒரு கையெழுத்தோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

சொல்லியிருந்தா எனக்கு என்ன ஆயிருக்கும்? அதிகபட்சம் ஒரு மெமோ. எல்லாரும் நாலு நாள் என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. அவ்வளவுதான். அக்காவுக்கு அது சோறு. ரெண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சே சிவப்பு உத்தரவை மட்டும் பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன்.

அறையில அதிகாரியும் நானும் உக்காந்திருந்தோம், அக்கா நின்னாங்க. நேத்து என்ன நிலைம்மான்னு அதிகாரி என்னைக் கேட்டார். சிவப்புதான் சார்னேன். என் குரல் நல்லாத் தெளிவாத்தான் வந்துச்சு, அதை நினைச்சா இப்பவும் கூசுது. அப்புறம் அவர் அக்கா பக்கம் திரும்பி, ஏதாவது சொல்லணுமான்னு கேட்டார்.

அக்கா என்னைப் பாத்தாங்க. நான் பேப்பரைப் பாத்தேன். கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தாங்கன்னு இப்பத் தோணுது.

“போர்டுல சிவப்புதான் சார் இருந்துச்சு. தினம் நான்தானே துடைக்கிறேன்.”

அவ்வளவுதான் சொன்னாங்க. அதிகாரி கையெழுத்து போட்டார்.

பத்து நிமிஷம் கழிச்சு அலமாரிச் சாவியைக் குடுக்க என் மேஜைக்கு வந்தாங்க. தோள்ல துணி இல்லை. சாவியை வெச்சுட்டு, யாருக்கும் கேக்காத குரல்ல சொன்னாங்க:

“மஞ்சள் தகடு கறை பிடிச்சுக் கிடந்துச்சு மேடம். நான் உங்ககிட்ட கேட்ட அன்னைக்கே துடைச்சு வெச்சுட்டேன். கீழ் டிராயர்ல இருக்கு.”

போயிட்டாங்க. டிராயரைத் திறந்தேன். வெள்ளைப் பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தாங்க, என் முகம் தெரியற அளவுக்குத் துடைச்சு. எடுத்துட்டுப் போய் மாட்டினேன். அந்த வழியா வந்த அதிகாரி, ஓ குறைச்சுட்டாங்களா, நல்லதுன்னு சொல்லிட்டு நடந்தார். எப்பக் குறைச்சாங்கன்னு கேக்கல.

என் மேஜையில இருந்து கண்ணாடி வழியா எதிர்ல பஸ் ஸ்டாப் தெரியும். அக்கா அங்க நின்னுட்டிருந்தாங்க. அந்த நேரத்துல பஸ் சீக்கிரம் வராது. இருபது நிமிஷம் ஆச்சு. ஓடிப் போய் அவங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டு அதிகாரி அறைக்குள்ள போக இருபது நிமிஷம் தாராளமாப் போதும். நான் எழுந்திருக்கல.