யானகாவாவில் விருந்தாளி

காதர் மைதீன் சிங்கப்பூருக்கு வரும் கப்பல்களுக்கு ஆடு, கோழி, அரிசி எடுத்துக் கொடுத்துவந்தார். வீடு சிராங்கூன் ரோட்டில். அவர் மனைவி ஹலீமா ஜப்பான்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஹாரு. நாகசாக்கியில் ஒரு பெரிய வீட்டில் வேலை என்று பதினாறு வயதில் அவளைக் கூட்டிப்போன தரகன், கப்பலின் கரிக்கிடங்கில் ஒளித்துவைத்துச் சிங்கப்பூருக்குக் கடத்திவந்து, மிடில் ரோட்டுப் பக்கம் ஒரு விடுதியில் விற்றுவிட்டான். சில வருஷம் கழித்து காதர் மைதீன் அவளை அங்கிருந்து மீட்டு நிக்காஹ் செய்துகொண்டார். ஊர் நாலு விதமாகப் பேசியது. அவர் காதில் வாங்கவில்லை.

"எங்க அண்ணன் என்னை ஊர் ஊராத் தேடியிருப்பான், மச்சான். உம்மா அழுது அழுதே கண்ணு போயிருக்கும்" என்பாள் ஹலீமா. தமிழை அவரிடம்தான் கற்றிருந்தாள்.

1911இல், அவள் ஊரைவிட்டு வந்து பதினாறு வருஷம் ஆனபோது, பழக்கமான ஒரு கப்பலில் இடம் கிடைக்கவே, அவளை ஊருக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அவள் பிறந்த யானகாவா வாய்க்கால்களால் ஆன ஊர். தெரு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் ஓடியது. வீட்டுப் பின்கட்டுப் படிகள் நேரே தண்ணீரில் இறங்க, பெண்கள் அதில் உட்கார்ந்து கீரை அலசினார்கள். அலரிபோல் மெலிந்த இலைகளைத் தொங்கவிட்டு இருகரையிலும் மரங்கள் நின்றன. ரயிலிலிருந்து இறங்கி, மூங்கில் கழியால் தள்ளும் ஒரு தட்டைப் படகில் ஏறினார்கள். ஹலீமா புதுக் கிமோனோ உடுத்தியிருந்தாள். ஒவ்வொரு பாலத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் இத்தனை பேசி அவர் கேட்டதில்லை.

படகுக்காரக் கிழவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. துருக்கித் தொப்பி வைத்த கறுத்த மனிதரையே பார்த்துக்கொண்டு துடுப்புக் கழியை ஊன்றினார். சிவப்பு மண்சுவர் வைத்த ஒரு வீட்டைக் காட்டி அவள் ஏதோ கேட்டாள். கிழவர் சாவகாசமாகப் பதில் சொன்னார். அவள் மறுபடி ஒன்று கேட்டாள். அதற்கும் சொன்னார். அடுத்த பாலத்துக்கு அவள் பெயர் சொல்லவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றார் காதர் மைதீன்.

அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த வீட்டுப் பையன் தங்கச்சியத் தெக்குச் சீமைக்கு வித்துட்டானாம். அந்தக் காசுலதான் வயலை மீட்டாங்களாம். அவ அங்கயே செத்துட்டாளாம். கோயில்ல அவ பேர்ல கல்லு கூட வச்சிருக்காங்களாம்."

"உங்க உம்மாவுக்கு இது தெரியுமா?"

"அதைத்தான் ரெண்டாவது கேட்டேன். தரகனை வீட்டுக்குக் கூப்பிட்டதே அவங்கதானாம்."

காதர் மைதீன் படகைத் திருப்பச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். "வந்தாச்சு. முகத்தப் பார்த்துட்டுப் போறேன்."

வாசலுக்கு வந்த அண்ணன் அவளைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஒரு சின்னப் பெண் பட்டுத்துணிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். ஹாரு போனபோது கைக்குழந்தையாக இருந்த தங்கை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணன் தணிந்த குரலில் வேகவேகமாக ஏதோ கெஞ்சினான். ஹலீமா அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

தாய் வந்தாள். கண் நன்றாகவே தெரிந்தது. மகளின் நெற்றியை, காது மடலை, கைகளைப் பார்த்தாள். பிறகு பாயில் மண்டியிட்டு, புதியவர்களுக்குக் குனிவதுபோலக் குனிந்து, இரண்டு கையாலும் தேநீர்க் கிண்ணத்தை நீட்டி மெதுவாக எதையோ கேட்டாள்.

"ஹலீமா" என்றாள் மகள்.

தேநீரை முழுக்கக் குடித்தாள். தங்கையின் துணியைத் தொட்டுப் பார்த்து நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அண்ணனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல காதர் மைதீனுக்கு இருந்தது. ஹலீமா எழுந்துவிட்டதால் அவரும் எழுந்தார்.

கப்பலில் அவள் அழவில்லை. ஹாங்காங் தாண்டிய பிறகு ஒரே ஒரு தடவை பேசினாள். "நான் செத்தவளாவே இருந்தாத்தான் தங்கச்சி கல்யாணம் நடக்கும்னு அண்ணன் கெஞ்சினான். உம்மா எங்கிட்ட பேர் கேட்டாங்க, மச்சான். யாருன்னு தெரிஞ்சுக்கிட்டே கேட்டாங்க. அண்ணன் செஞ்சது கூட எனக்கு அவ்வளவு வலிக்கல."

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் காதர் மைதீனின் தங்கை சம்சுன்னிசா காத்திருந்தாள். "மச்சி, உங்க உம்மா சுகமா? உங்களப் பார்த்ததும் என்ன சொன்னாங்க?"

"சுகந்தான். நல்லா உபசாரம் பண்ணாங்க."

ஒரு மாசம் வீட்டு வேலைகளை ஒழுங்காகச் செய்தாள். ஒருநாள் மத்தியானம் காதர் மைதீன் சாப்பிட உட்கார்ந்தார். அவள் சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் சாதாரணமாக, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

குவளையை எடுத்தவள் அப்படியே நின்றாள். அதைச் சுவரில் வீசியடித்தாள்.

"எல்லாருக்கும் நான் குடுக்கணும்! வயலுக்கு நான், கல்யாணத்துக்கு நான்! செத்துங்கூடப் போகணும்! எனக்கு யாரு என்ன குடுத்தீங்க?"

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். காதர் மைதீன் எச்சில் கையோடு எழுந்து அவளருகே போனார். அவள் அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். அவர் விலகவில்லை. கை ஓய்ந்ததும் தரையில் உட்கார்ந்து, தன் பாஷையில், குழந்தை கூப்பிடுவதுபோல அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தி அழுதாள்.

அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். காதர் மைதீன் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சோறு ஆறிப்போனது. அன்று அவர் கப்பலுக்குப் போகவில்லை.