டோக்கன் தொலைந்த பிள்ளை

1

“டோக்கன் இல்லாம எப்படி சார் பிள்ளைய விடுறது?”

“ஆயாம்மா, அது என் பொண்ணு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷூவ மாத்திப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா பாருங்க.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன சார்? கம்ப்யூட்டர் சொன்னாத்தான் கதவு திறக்கும். எஞ்சின் நம்பராவது சொல்லுங்க.”

முதலில் என்னிடம் இவ்வளவுதான் இருந்தது. கதை மேலே நகராததால், வாசகரே, என் பழைய கதை ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். அதில் ஒருவர் குடையை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு டோக்கனைத் தொலைப்பார். குடை இருந்த இடத்தில் குழந்தையை வைத்தேன்.

2

வெளியே நிற்கும் அப்பா மென்பொருள் வடிவமைப்பாளர். அலுவலகத்தில் ‘ஆமாம்சாமி’. அங்கே ஓர் இயந்திரம், புது வேலை வந்ததும் அதைப் போன்ற பழைய வேலையைத் தேடி, அந்த வடிவமைப்பையே வெட்டி ஒட்டித் தரும். இவர் சரிபார்த்து ‘ஆமாம்’ பொத்தானை அழுத்த வேண்டும். ஒற்றுமை தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினால் திறந்தே பார்ப்பதில்லை.

இந்தக் குழந்தைகள் காப்பகத்துக்காக வடிவமைப்பு கேட்டபோது, இயந்திரம் வாகன நிறுத்துமிடத்தைக் கண்டெடுத்தது. காலையில் விடுகிறார்கள், மாலையில் எடுக்கிறார்கள், நடுவில் கீறல் விழக்கூடாது. தொண்ணூற்று மூன்று.

ஆமாம்.

3

[கொட்டும் மழையில் நனைந்தபடி அவர் தன் வாழ்க்கையையே — வேண்டாம். மழை குடைக் கதையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.]*

“ஆறு மணி தாண்டினா சக்கரத்துக்குப் பூட்டுப் போடச் சொல்லுது. சக்கரத்துக்கு நான் எங்க போவேன்?” என்றார் ஆயாம்மா. “ஏழு மணிக்கு இழுத்துட்டுப் போற வண்டி வந்துடும். எந்த மகராசன் பண்ணி வச்சானோ!”

மகராசன் தலையைக் குனிந்துகொண்டார். மணி ஆறு ஐம்பது.

* ஆனாலும் அவர் சட்டை ஈரமாகத்தான் இருக்கிறது. என்னால் துடைக்க முடியவில்லை.

4

குடைக் கதையின் முடிவு சுலபம். ஏறக்குறைய அதே மாதிரி வேறொரு குடையைக் கொடுப்பார்கள். அவரும் விரித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார். அதையே இங்கும் ஒட்டினேன்.

ஆயாம்மா உள்ளே போய் வேறொரு சிறுமியை அழைத்து வந்தார். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

“இத எடுத்துட்டுப் போகச் சொல்லுது சார். தொண்ணூத்தொரு சதவீதம் ஒத்துப்போகுதாம். ஷூ கூட சரியா போட்டிருக்கு.”

“அங்கிள், உங்க வீட்ல நாய் இருக்கா?” என்றாள் சிறுமி.

கண்ணாடிக்குப் பின்னால் மகள் எழுந்து, வலது ஷூவில் இடது காலோடு தட்டுத்தடுமாறி வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டாள். தெருமுனையில் ஹாரன் கேட்டது.

“இல்ல,” என்றார் ஆமாம்சாமி. நாயைப் பற்றிச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்தார். என் மேசை இழுப்பறையில் இருப்பவை எல்லாமே பழைய முடிவுகள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னை விட்டுவிட்டு, இந்தப் பக்கத்துக்கு மேலே குனிந்திருக்கும் உங்களிடம் திரும்பினார்.

“நீங்க என் பொண்ண இப்பத்தானே முதல் தடவையா பாக்குறீங்க? வேற எதையும் ஞாபகப்படுத்திக்காம, இவளுக்குன்னு ஒரு முடிவு யோசிச்சுச் சொல்லுங்களேன். சீக்கிரம்…”